"இப்ப வரும்" என்றால் எத்தனை நிமிடம்?



இரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். டிப்ளமா முடித்த கையோடு தமிழ்நாட்டிலிருந்து கிளம்பி வந்தேன். கேரளத்திலேயே பணி முடிந்து, போர்ட் கொச்சியிலேயே வீடும் அமைந்துவிட்டது. பழைய வேலையின் பாடம் ஒன்று ஓய்வுக்குப் பிறகு எங்கள் தெருவில் பயன்பட்டது. அதை நம் சங்கத்து அன்பர்களிடம் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் இடவப்பாதி மழைக்காலம். இரவு பதினொரு மணிக்கு எங்கள் தெருமுனையில் இருந்த பெரிய மழைமரத்தின் கிளை முறிந்து மின்கம்பி மேல் விழுந்தது. தெருவே இருண்டது. "எப்ப கரண்ட் வரும்?" என்று வாசலில் நின்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் கிடைத்தது: "இப்ப வரும்." கொட்டும் மழையில் மின் ஊழியர்கள் வந்து, கிளையை அறுத்து, கம்பியை இழுத்துக் கட்டி முடிக்கக் காலை ஆறு மணி ஆயிற்று. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை எங்கள் மேல்தான். நான்கு வீடு தள்ளி, கும்பகோணத்துக்கார அம்மாள் ஒருவர் தனியே இருக்கிறார். வயது எழுபத்தெட்டு. மகன் துபாயில். மூச்சுத் தொல்லைக்காக இரவில் ஆக்சிஜன் இயந்திரம் வைத்துக்கொள்வார். அது மின்சாரத்தில் ஓடுவது. அவசரத்துக்கு ஒரு சிறு சிலிண்டரும் இருந்தது. ஆனால் இருட்டில் அதன் வால்வைத் திருக அவரால் முடியவில்லை. விடியும் வரை தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடியே மூச்சுக்குப் போராடியிருக்கிறார். காலையில் கேட்டபோது, "மழையில உங்களையெல்லாம் எழுப்ப வேண்டாம்னு இருந்துட்டேன் தம்பி" என்றார். தெருவில் இருபது பேர் விழித்திருந்தோம். ஒருவர்கூட அந்தக் கதவைத் தட்டவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

பதினைந்து நிமிடம்

இரயில்வேயில் விபத்துக்கு "சீக்கிரம் வா" என்று யாரும் சொல்லிவிட்டு நிறுத்துவதில்லை. எத்தனை நிமிடம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். விபத்து நிவாரண மருத்துவ வண்டி, உத்தரவு கிடைத்த 15 நிமிடத்துக்குள் புறப்பட்டாக வேண்டும். அது நிற்கும் தண்டவாளம் ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தால் 20 நிமிடம். கிரேனுடன் செல்லும் நிவாரண ரயிலுக்குப் பகலில் 30, இரவில் 45.

இந்த எண்கள் காகிதத்தோடு நின்றுவிடுவதில்லை. பதினைந்து நிமிடத்தில் கிளம்ப வேண்டுமென்றால், வண்டியை இருபுறமும் திறந்த பாதையில் நிறுத்த வேண்டும். அதன் முன்னால் வேறு பெட்டி எதையும் விடக்கூடாது. ஊழியர் சங்கொலி கேட்கும் தூரத்தில் குடியிருக்க வேண்டும். மருந்துப் பெட்டியின் சாவி எங்கே என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். இப்படி ஒரு நல்ல இலக்கு தனக்கு வேண்டிய ஏற்பாடுகளைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும். "சீக்கிரம்" என்ற சொல் அப்படி எதையும் கேட்பதில்லை.

பாம்பன் தந்த பாடம்

நம்மவர்களுக்கு நன்கு தெரிந்த உதாரணம் பாம்பன். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல், 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தின் 126 கர்டர்களைக் கடலுக்குள் தள்ளியது. இராமேசுவரத்துக்கு ரயில் நின்றது. சீரமைக்க முதலில் குறித்த காலம் ஆறு மாதம். பிறகு அதை மூன்று மாதமாகக் குறைத்தார்கள். பொறுப்பு 32 வயதுப் பொறியாளர் ஒருவரிடம் வந்தது. அவர்தான் பாலக்காட்டுக்காரரான ஈ.ஸ்ரீதரன். பின்னாளில் கொங்கண் ரயில்வேக்கும் டெல்லி மெட்ரோவுக்கும், 2017-இல் ஓடத் தொடங்கிய நம் கொச்சி மெட்ரோவுக்கும் துணை நின்றவர்.

புதுக் கர்டர்களைத் தொலைதூரத்திலிருந்து கொண்டுவர வேண்டிய நிலையில், புயல் தள்ளிய கர்டர்கள் கடலடியில் கிடக்கும் இடத்தை மீனவர்கள் காட்டிக்கொடுத்தார்கள். அவற்றையே தூக்கிப் பொருத்தினார்கள். முதல் கர்டருக்குப் பல நாள் பிடித்தது. கை பழகியதும் ஒரே நாளில் பல கர்டர்கள் ஏறின. பாலம் 46 நாளில் தயாராயிற்று.

அங்கே வேலை செய்தவர் எவரும் மாலையில் நிமிர்ந்து பார்த்தால் எத்தனை கர்டர் ஏறியிருக்கிறது, எத்தனை பாக்கி என்று எண்ணிவிடலாம். பொறியாளருக்கும் கூலியாளுக்கும் கணக்கு ஒன்றே. பிற்காலத்தில் டெல்லி மெட்ரோ வேலையிடங்களில் இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று காட்டும் பலகைகளை ஸ்ரீதரன் வைத்ததும் இதற்காகத்தான். குழுவில் எல்லார் கண்ணிலும் படாத இலக்கு, மேலதிகாரியின் மேசைக்குள்ளேயே கிடக்கும்.

நான் செய்த பிழை

ஆனால் எண் ஏமாற்றவும் செய்யும். இதை என் சொந்த அனுபவத்திலேயே கற்றேன்.

ஒரு பிரிவில் செக்‌ஷன் இன்ஜினியராக இருந்தபோது, சிக்னல் பழுது எதுவும் அரை மணிக்கு மேல் நீடிக்கக்கூடாது என்று இலக்கு வைத்தேன். மீறியவர்களைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டேன். இரண்டே மாதத்தில் ரெஜிஸ்டர் பிரமாதமாகிவிட்டது. எல்லாப் பழுதும் இருபது, இருபத்தைந்து நிமிடம். எனக்கோ பெருமை தாங்கவில்லை. ஆனால் ரயில்கள் மட்டும் முன்போலவே தாமதமாக வந்தன.

ஓய்வு பெறும் வயதிலிருந்த மெய்ன்டெய்னர் ஒருவர் தனியாக வந்து சொன்னார்: "கோபப்படாதீங்க சார். ஃபெயிலியர் ஆன நேரத்தை யாரும் எழுதறதில்லை. நாங்க போய்ச் சேர்ந்த நேரத்தைத்தான் எழுதிக்கறோம்."

முதலில் அவர்கள் மேல் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் யோசித்தபோதுதான் அந்தப் பொய்யை எழுத வைத்தவனே நான் என்பது புரிந்தது. மறுநாள் முதல் மூன்று நேரங்களை எழுதச் சொன்னேன்: பழுதான நேரம், ஆள் வந்த நேரம், சரியான நேரம். அதிக நிமிடம் ஆனால் திட்டு கிடையாது, காரணம் மட்டும் கேட்பேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் உண்மை வெளிவந்தது. பழுதைச் சரிசெய்யச் சிறிது நேரமே ஆகிறது. போய்ச் சேருவதற்கும், மாற்று ரிலே கிடைப்பதற்கும்தான் பெரும்பகுதி நேரம் போகிறது. ரிலே இருந்த அலமாரியின் சாவியோ என்னிடம்! இரண்டாவது சாவி செய்து கொடுத்து, பிரிவின் நடுவே ஒரு பெட்டியில் உதிரிப் பாகங்கள் வைத்த பிறகுதான் நேரம் மெய்யாகவே குறைந்தது.

எங்கள் தெருவின் இலக்கு

அந்த மழை இரவுக்கு மறுவாரம் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆறு பேர் கூடினோம். நான், மலையாளி ஆசிரியர் ஒருவர், மட்டாஞ்சேரியில் கடை வைத்திருக்கும் குஜராத்திக்காரர், கொங்கணி பேசும் ஓர் அம்மாள், வெளி தோபிகானாவில் வேலை செய்யும் இரண்டு தமிழ்ப் பையன்கள். மின்சாரத்தை வரவழைப்பது எங்கள் கையில் இல்லை. ஆகவே எங்கள் கையில் இருப்பதை மட்டும் இலக்காக வைத்தோம்: மின்சாரம் நின்ற 20 நிமிடத்துக்குள் அந்த அம்மாளுக்குச் சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். "ஆள் கிளம்பிவிட்டார்" என்பது கணக்கில் சேராது. விளக்கு அணைந்த கணத்திலிருந்து ஆக்சிஜன் ஓடும் கணம் வரைதான் கணக்கு.

முதல் தடவை 41 நிமிடம். கைப்பேசிக் குழுவில் போட்ட செய்தியை உறக்கத்தில் யாரும் பார்க்கவில்லை. வெளிக்கதவுச் சாவியும் கிடைக்கவில்லை. யாரையும் குறை சொல்லாமல் காரணத்தை நோட்டில் எழுதினோம். செய்திக்குப் பதில் நேரடியாக அழைப்பது, முதல் ஆள் எடுக்காவிட்டால் உடனே அடுத்த ஆள் என்று முறை வகுத்தோம். சாவி இரண்டு வீடுகளில் வைத்தோம். வால்வு திருகும் சாவியைச் சிலிண்டரிலேயே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். ஆறு பேரும் பகலில் ஒருமுறை திறந்து பார்த்துப் பழகினோம். அடுத்த தடவை 17 நிமிடம். அதற்கடுத்து 12. ஒருமுறை 26 ஆயிற்று. அதையும் அப்படியே எழுதினோம். அன்று முறைக்காரப் பையன் ஊருக்குப் போயிருந்தான். இப்போது ஊருக்குப் போகிறவர் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகிறார்.

மின்சாரம் தருபவர்களுக்கும் இப்படிக் கணக்கு உண்டு என்பதை வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி, மின்வாரியங்களுக்கான சேவைத் தரங்களை ஒழுங்குமுறை ஆணையம் வகுக்கலாம். தவறினால் நுகர்வோருக்கு இழப்பீடும் உண்டு. நீங்கள் வாழும் மாநிலத்தில் எந்தப் பழுதுக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். புகார் சொல்லும்போது நேரத்தைக் குறித்துக்கொண்டு, புகார் எண்ணையும் வாங்குங்கள்.

ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு உற்றார் உறவினர் பக்கத்தில் இல்லை. பல வீடுகளில் பெற்றோர் இங்கே தனியாக, பிள்ளைகள் கடல் கடந்து. "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்று எல்லோரும் அன்போடுதான் சொல்கிறோம். ஆனால் முதியவர்கள் சொல்லமாட்டார்கள். ஆகவே உங்கள் தெருவிலோ அடுக்குமாடியிலோ நான்கு பேர் கூடி, யார் வீட்டுக்கு, எத்தனை நிமிடத்தில், யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு நோட்டும் கடிகாரமும் போதும். முதல் தடவை எண்ணிக்கை மோசமாகத்தான் இருக்கும். அதை அழிக்காமல் வைத்திருங்கள்.

சென்ற மாதம் மறுபடி மின்சாரம் நின்றது. நான் டார்ச்சோடு ஓடிப் போனபோது தோபிகானாப் பையன் அங்கே சிலிண்டரைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தான். அந்த அம்மாள் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, "ஒன்பது நிமிஷம்தான் தம்பி, எழுதிக்கோங்க" என்றார்.