வெண்கருவால் மெருகேறிய சுவர்

முட்டையின் வெண்கருவைக் குழைத்துத் தேவாலயச் சுவருக்குப் பூசிய கைதிகளைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா? தண்டனை பெற்றுச் சமுத்திரம் கடந்து சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்ட இந்தியக் கைதிகள், காட்டைத் திருத்திச் சாலை சமைத்ததோடு நில்லாமல், இன்றும் அங்கே தவள நிறத்தோடு விளங்குவதும் 1862-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டதுமான புனித அந்திரேயா தேவாலயத்தையும் தம் கரங்களாலேயே எழுப்பினார்கள். சிப்பிச் சுண்ணாம்போடு வெண்கருவும் நாட்டுச் சர்க்கரையும் தேங்காய் மட்டை ஊறிய நீரும் சேர்த்துப் பக்குவப்படுத்திய சாந்தை, அதற்கு மதராஸ் சுண்ணாம்பு என்றே பெயர், சுவரில் பூசி, காய்ந்தபின் ஸ்படிகக் கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பேற்றினார்கள். இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு: இவர்களைக் காவல் காத்த வார்டர்கள் பலரும், நன்னடத்தையால் அப்பதவிக்கு உயர்ந்த கைதிகளேதாம்!