முன்தோல் நீக்கும் வளையக் கருவிகள் பாதுகாப்பானவையா? சந்தேகங்களும் விளக்கங்களும்

எச்.ஐ.வி. தொற்று மிகுந்த கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளில், நோய்த் தடுப்புக்காக ஆண்கள் தாமாக முன்வந்து முன்தோலை நீக்கிக்கொள்கிறார்கள். 2008 முதல் 2019 வரை 15 நாடுகளில் ஏறக்குறைய 2.7 கோடிப் பேர் இந்தச் சிகிச்சையைப் பெற்றிருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு வழக்கமான அறுவைச் சிகிச்சைதான். அதற்கு மாற்றாக வளையக் கருவிகள் வந்தபோது, நம்பிக்கையோடு அச்சமும் சேர்ந்தே வந்தது. அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. அதில் நியாயமும் இருக்கிறது.

முன்தோலை நீக்கினால் எச்.ஐ.வி. தடுக்கப்படுமா?

ஓரளவுக்கு. எச்.ஐ.வி. கிருமி தாக்கும் வகை உயிரணுக்கள் முன்தோலின் உட்புறத்தில் மிகுதி. தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு ஃபார்ம், கென்யாவின் கிசுமு, உகாண்டாவின் ராகாய் ஆகிய மூன்று இடங்களில் நடந்த ஆய்வுகளில், பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம் குறைந்தது. இதை ஏற்று 2007-இல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பும் இச்சிகிச்சையைப் பரிந்துரைத்தன. 60 சதவீதம் என்பது முழுக் காப்பு அல்ல. ஆணுறை அதன் பிறகும் தேவை.

அறுவைச் சிகிச்சை இருக்கும்போது கருவி எதற்கு?

லட்சக்கணக்கானோருக்குச் சிகிச்சை தரும் அளவுக்கு அந்த நாடுகளில் அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள் இல்லை. கருவியைப் பொருத்தத் தையல் வேண்டாம், நேரமும் குறைவு. கென்யாவிலும் ஜாம்பியாவிலும் நடந்த ஒப்பீட்டில் அறுவைச் சிகிச்சைக்குச் சுமார் 20 நிமிடங்கள் ஆன இடத்தில், ஷாங் ரிங் கருவிக்குச் சுமார் 7 நிமிடங்களே ஆயின. பயிற்சி பெற்ற செவிலியரே பொருத்திவிட முடியும் என்பது இன்னொரு வசதி.

கருவிகள் எப்படி வேலை செய்கின்றன?

உலக சுகாதார நிறுவனம் இரண்டு கருவிகளுக்கு முன்தகுதி வழங்கியது. 2013-இல் இஸ்ரேலின் ப்ரீபெக்ஸ், 2015-இல் சீனாவின் ஷாங் ரிங். இரண்டும் வளையங்கள்தாம். ஆனால் வேலை செய்யும் விதம் வேறு.

ப்ரீபெக்ஸில் ஒரு மீள்வளையம் முன்தோலை இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்துகிறது. மரத்துப்போக ஊசி போடுவதில்லை, களிம்பு போதும். தோல் மெல்ல மெல்லச் செத்துக் கறுக்கிறது. சுமார் 7 நாள் கழித்துச் செத்த தோலையும் வளையத்தையும் அகற்றுகிறார்கள். ஷாங் ரிங்கில் மரத்துப்போக ஊசி போட்டு, இரண்டு பிளாஸ்டிக் வளையங்களுக்கு நடுவே தோலைப் பிடித்து, மிகுதித் தோலை அப்போதே வெட்டிவிடுகிறார்கள். வளையத்தை மட்டும் ஒரு வாரம் கழித்துக் கழற்றுகிறார்கள்.

கருவியால் ரணஜன்னி (டெட்டனஸ்) வந்து இறந்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. உகாண்டா உள்ளிட்ட நாடுகளில் ப்ரீபெக்ஸ் பொருத்திக்கொண்ட சிலருக்கு ரணஜன்னி கண்டது, உயிரிழப்புகளும் நேர்ந்தன. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் ரணஜன்னி வந்ததுண்டு. ஆனால் இந்தக் கருவியில் அந்த ஆபத்து பல மடங்கு அதிகம் என்று தெரியவந்தது.

காரணம் கருவியின் அடிப்படையிலேயே இருக்கிறது. ரணஜன்னிக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் கிடப்பவை. காற்றுப் படாத இடத்தில்தான் அவை பெருகும். ரத்த ஓட்டம் நின்று நாள்கணக்கில் உடலோடு ஒட்டிக் கிடக்கும் செத்த தோல் அவற்றுக்கு வாகான இடம்.

தடுப்பூசியில் இருந்த இடைவெளி அடுத்த காரணம். பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் ரணஜன்னியைத் தடுக்கும் டி.டி. ஊசி போடுகிறார்கள். ஆண்களில் பலர் குழந்தைப் பருவத்துக்குப் பின் அந்த ஊசியைப் பார்த்ததே இல்லை, குழந்தையாக இருந்தபோதும் சிலருக்குப் போடப்படவில்லை.

2016-இல் உலக சுகாதார நிறுவனம் விதியை இறுக்கியது. ப்ரீபெக்ஸ் வகைக் கருவியைப் பொருத்தும் முன் ரணஜன்னிக்கு எதிரான காப்பு உறுதியாக வேண்டும். முன்பு ஊசி போடாதவர் குறைந்தது 4 வார இடைவெளியில் இரண்டு தவணை போட்டுக்கொண்டு, அதன்பின் குறைந்தது 2 வாரம் காத்திருக்க வேண்டும். விரைவுக்காக வந்த கருவிக்கு 6 வார முன்னேற்பாடு அவசியமாயிற்று. உயிர் காக்க அந்தத் தாமதம் தேவைதான்.

ஷாங் ரிங்கிலும் அதே ஆபத்தா?

தோலை அன்றே வெட்டி எடுத்துவிடுவதால், செத்த திசு அந்த அளவுக்குத் தங்குவதில்லை. எனவே அறுவைச் சிகிச்சைக்கான தடுப்பூசி நெறிமுறையே இதற்கும் பொருந்தும். எப்படியானாலும் டி.டி. ஊசி போட்டுக்கொள்வது நல்லது. காயத்தில் சாம்பல், சாணம், பச்சிலை எதையும் பூசவே கூடாது.

எல்லா ஆண்களுக்கும் கருவி பொருந்துமா?

பொருந்தாது. முன்தோல் பின்னுக்கு இழுக்க வராதவர்கள், தோல் ஒட்டிக்கொண்டிருப்பவர்கள், பிறப்புறுப்பில் புண்ணோ தொற்றோ உள்ளவர்கள், ரத்தம் உறையாத கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு வேறு வழி பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், முன்தகுதி பெற்ற கருவிகளை 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் கூடுதல் முறையாகப் பரிந்துரைக்கிறது.

வலி தாங்காவிட்டால் வீட்டிலேயே கழற்றிவிடலாமா?

கூடவே கூடாது. வளையம் இடம் நகர்ந்தாலோ பாதியில் கழன்றாலோ வீக்கமும் கடும் வலியும் வரும். அவசர அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். அதனால்தான், அறுவைச் சிகிச்சை வசதி எட்டும் தூரத்தில் இல்லாத இடத்தில் கருவியைப் பொருத்தக் கூடாது என்கிறார்கள்.

மீண்டும் உடலுறவு எப்போது?

அறுவைச் சிகிச்சைக்குப் பின் 6 வாரம் தவிர்க்கச் சொல்கிறார்கள். கருவி முறையில் காயம் ஆற இன்னும் சற்றுக் கூடுதல் நாள் ஆகலாம். ஆறாத காயத்தோடு உறவுகொண்டால் தொற்றும் ஆபத்து குறைவதற்குப் பதில் கூடும், துணைக்கும் சேர்த்து. ஏற்கெனவே எச்.ஐ.வி. உள்ள ஆண் முன்தோலை நீக்கிக்கொள்வதால் அவருடைய துணைக்கு நேரடிக் காப்பு கிடைக்காது என்பதையும் ராகாய் ஆய்வு காட்டியது.

இந்தியாவுக்கும் இந்தப் பரிந்துரை உண்டா?

இல்லை. பொதுமக்களிடையே தொற்று பரவலாகவும் முன்தோல் நீக்கும் வழக்கம் குறைவாகவும் உள்ள ஆப்பிரிக்க நாடுகளுக்கான திட்டம் இது. மதக் காரணத்துக்காகவோ மருத்துவக் காரணத்துக்காகவோ இங்கே செய்துகொள்பவர், எந்த முறையானாலும் தகுதியான மருத்துவரிடமே செல்ல வேண்டும்.

முடிவாக, கருவியை நம்பலாமா?

வளையத்தை மட்டும் நம்பக் கூடாது. தடுப்பூசி, முன்பரிசோதனை, பயிற்சி பெற்ற கை, குறித்த நாளில் கழற்றுதல், அவசரத்துக்கு அறுவைச் சிகிச்சை, எல்லாவற்றுக்கும் மேலாக வற்புறுத்தல் இல்லாத சம்மதம் ஆகிய ஆறும் சேர்ந்ததுதான் பாதுகாப்பு. ரணஜன்னிக்குப் பலியானவர்கள் தடுப்பு மருந்து இல்லாத நோயால் சாகவில்லை. பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள ஒரு மலிவான ஊசி அவர்களைக் காப்பாற்றியிருக்கும். 'கருவி பாதுகாப்பானதா' என்று கேட்பவருக்கு மட்டுமல்ல, 'எனக்கு டி.டி. ஊசி போட்டாயிற்றா, கோளாறு வந்தால் யாரிடம் போவது' என்று கேட்பவருக்கும் பதில் சொல்லக்கூடிய மருத்துவமனையில் மட்டுமே இதைச் செய்துகொள்ள வேண்டும்.