காரின் முன்சட்டம் கோணினால்...

சென்ற மாரிகாலத்தில் ஒரு மாலைப்பொழுது, கொடிகாமத்திலிருந்து திரும்புகையில், வீதியின் குறுக்கே பாய்ந்த ஆட்டுக்குட்டியொன்றைக் காக்கப்போய், எமது பழைய மொரிஸ் மைனர் காரை மதகுக் கட்டில் மோதிவிட்டோம். ஆட்டுக்குட்டி தப்பியது, எமக்கும் காயமில்லை. காரின் இடப்பக்க முன்மூலை மட்டும் உட்குழிந்தது. அயலிலுள்ள கராஜ் ஒன்றில் மட்காட்டைத் தட்டி நிமிர்த்தி, பம்பரை மாற்றி, பெயின்றும் அடித்துத் தந்தார்கள். பார்ப்பவர் எவரும் விபத்துக்குள்ளான வண்டியென்று சொல்லார்.

ஆயினும் அன்றுமுதல் கார் இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியது. ஸ்ரியரிங்கைச் சற்றே தளர்த்திப் பிடித்தால் வீதியோரத்தை நாடும். மூன்று மாதத்துள் முன் ரயரின் ஒரு கரை தேய்ந்து நூல் தெரிந்தது. விற்றுத் தொலைத்துவிடுவோம் என்றுதான் எண்ணினோம், இதை மறைப்பானேன்? கைக்குழந்தையுடைய இளம் ஆசிரியர் ஒருவர் வாங்க முன்வந்து, அடுத்த ஞாயிறு வருவதாகவும் கூறிவிட்டார். மனம் கேளாமல், அதற்குமுன் முதிய மெக்கானிக் ஒருவரிடம் காட்டினோம். அவர் பொனற்றுக்கும் மட்காட்டுக்கும் இடையிலுள்ள நீக்கலை இருபுறமும் விரலால் தடவிப் பார்த்தார்.

“பெயின்ற் நல்லாய்த்தான் கிடக்கு ஐயா. சட்டமெல்லோ கோணிப் போச்சு” என்றார்.

1948ஆம் ஆண்டு வெளிவந்த மொரிஸ் மைனருக்கு, லொறிக்கு இருப்பதுபோன்ற தனிச் சட்டம் கிடையாது. உடலும் சட்டமும் ஒன்றாக ஒட்டப்பட்டவை. முன்புறத்தில் பெட்டிபோன்ற இரண்டு இரும்புக் கால்கள் நீண்டு எஞ்சினைத் தாங்குகின்றன. சில்லைப் பிடித்திருக்கும் கீழ்க்கையும், அக்கையை முன்னிருந்து பிடித்து நிறுத்தும் தண்டும் இக்கால்களிலேயே பூட்டப்பட்டுள்ளன. ஆகவே காலின் நுனி பின்னே தள்ளுண்டால் தண்டும் பின்னே போகும். அதனுடன் சில்லும் தன் இருப்பிடத்தை விட்டு விலகும். பெயின்றுக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை.

மெக்கானிக் செய்த அளவை நாம் வியந்து நின்று பார்த்தோம். சமமான சீமெந்துத் தரையில் காரை நிறுத்தினார். சட்டத்தின் இருபுறமும் ஒத்த இடங்களிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சோக்கினாற் புள்ளியிட்டார். பின்னர் காரை அப்பாலே தள்ளிவிட்டு, முன் இடப் புள்ளியிலிருந்து பின் வலப் புள்ளிக்கும், முன் வலப் புள்ளியிலிருந்து பின் இடப் புள்ளிக்கும் நூல் பிடித்தார். இரண்டும் ஒரே நீளமாயிருத்தல் வேண்டும். எமது வண்டியில் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான வேறுபாடு இருந்தது. பாடசாலையில் மூலைவிட்டம் படிக்கும் பிள்ளைகள் இதை ஒருமுறை பார்த்தால் நன்று. நூலும் சோக்குமே போதுமானவை.

நிமிர்த்தும் வேலைக்கு ஒரு முழுநாள் சென்றது. காரின் பின்பாகத்தை அசையாமற் கட்டிவிட்டு, மோதல் வந்த திசைக்கு நேர் எதிராக, முன்காலைச் சங்கிலியாற் சிறிது சிறிதாக இழுத்தார். இழுவை நிற்கும்போதே மடிப்பைச் சுற்றி மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டினார். இரும்பு விட்டவுடன் சற்றுத் திரும்பிச் செல்லும் இயல்புடையது. எனவே தேவைக்குச் சிறிது அதிகமாக இழுத்து, சங்கிலியைத் தளர்த்தி, மறுபடியும் அளக்க வேண்டும். இவ்வாறு எத்தனை முறை அளந்தாரென்பதை நாம் எண்ணவில்லை. தண்டு பூட்டும் துளையருகே மயிரிழை வெடிப்பொன்று அகப்பட்டது. பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டு, தகடு வைத்து ஒட்டி, துருப் பிடிக்காத பெயின்றும் பூசினார். இறுதியாகவே சில்லுகளின் நேர்மை சரிசெய்யப்பட்டது. அதனை முதலிற் செய்வது வீண்செலவு.

இக்காலத்து யப்பானியக் கார்களுக்கு இம்முறை அப்படியே பொருந்தாது என்றும் அவர் எச்சரித்தார். அவற்றின் முன்பகுதி மோதலில் மடிந்து விசையை உள்வாங்குமாறு அமைக்கப்பட்டது. உறுதிமிக்க உருக்கைச் சூடாக்கி நிமிர்த்தினால் அதன் வலு குன்றிவிடும். மடிந்த பகுதியை வெட்டி அகற்றிப் புதியதை வைப்பதே பெரும்பாலும் முறை.

ஆசிரியரை ஒரு மாதம் பொறுக்கச் சொல்லியிருந்தோம். அவர் வந்தபோது நடந்ததை ஒளியாது கூறி, ஒட்டிய இடத்தையும் காட்டினோம். அவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வண்டியின் கீழே படுத்து, கைவிளக்கால் நெடுநேரம் பார்த்தார். எழுந்து வந்து விலையிற் சிறிது குறைத்துக் கேட்டார். கொடுத்துவிட்டோம்.