கிமோனோவில் முளைத்த வானவில்

ஜப்பானில் சில ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பிய வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். அங்கிருந்தபோது சாம்பல் நிறக் கிமோனோ உடுத்தி, முக்காலியில் கேமராவை நிறுத்தித் தன்னைத்தானே படமெடுத்துக்கொண்டாராம். அந்தப் படங்களில் துணியின் மேல் இளஞ்சிவப்பும் பச்சையுமாக வரிகள் ஓடியிருக்கின்றன; உண்மையில் துணியில் அப்படி எதுவும் கிடையாது. அண்மையில் அந்தப் படத்தின் ரா கோப்பை, அதாவது சென்சார் அளந்த எண்களை அப்படியே வைத்திருக்கும் கோப்பை, புதிய மென்பொருளில் திறந்தபோது வரிகளைக் காணோம். அந்த இடத்தில் குட்டிக் குட்டிப் புள்ளிகள். பழைய படத்துக்குள் புதிய விவரம் எப்படி நுழைந்தது, செயற்கை நுண்ணறிவு வரைந்துவிட்டதா என்பது அவர் கேள்வி.

புதிதாக எதுவும் நுழையவில்லை. கேமரா அன்று அளந்து வைத்ததை மென்பொருள் இன்றுதான் ஒழுங்காகப் படித்திருக்கிறது. எப்படி என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் துணி. அவர் விவரிப்பது எடோ கொமோன் வகை. தள்ளி நின்றால் ஒரே நிறம். நெருங்கினால் ஊசிமுனைப் புள்ளிகள். சாமுராய்களின் சடங்கு உடையிலிருந்து வந்த மரபு இது. மியே மாகாணத்தின் சுஸுகா பகுதியில், சீமைப்பனிச்சைக் காயின் சாறு பூசிய காகிதத்தில் கையால் துளையிட்டு, இந்தப் புள்ளிகளைத் துணியில் பதிக்கும் அச்சுத்தாள் செய்கிறார்கள். சுறாத்தோல் எனப்படும் கோலத்தின் மிக நுண்ணிய வகையில் 3 செ.மீ. சதுரத்துக்குள் சுமார் 900 துளைகள் இருக்கும். அதாவது மில்லிமீட்டருக்கு ஒன்று. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கேமரா. அதன் சென்சாரில் ஒரு பிக்சல் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது. பாதிப் பிக்சல்கள் பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். நாம் பார்க்கும் படத்தில் உள்ள நிற எண்களில் மூன்றில் இரண்டு பங்கு அளந்தவை அல்ல, அக்கம்பக்கத்தைப் பார்த்துக் கணித்தவை.

ஓர் ஊரைக் கற்பனை செய்வோம். அங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பண்டம்தான் சமைப்பார்கள். பாதி வீடுகளில் சாம்பார், கால்வாசியில் ரசம், கால்வாசியில் பொரியல். ஆனால் எல்லா வீட்டு இலையிலும் மூன்றும் விழ வேண்டும். ஆகவே இல்லாததைப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குகிறார்கள். பழைய மென்பொருள் நாலு பக்கமும் வாங்கிக் கலந்து ஊற்றிவிடும். ஊர் முழுக்க ஒரே மாதிரிச் சாப்பாடு என்றால் தொல்லையில்லை. இப்போது வீடுகள் மாறி மாறி ஒன்றில் விருந்து, அடுத்ததில் பத்தியம் என்று வைத்துக்கொள்வோம். எடோ கொமோனின் புள்ளியும் இடைவெளியும் அப்படித்தான் வருகின்றன. ரச வீடுகள் ஒன்றுவிட்டு ஒன்றாக இருப்பதால் அத்தனையும் விருந்து வீடுகளில் விழுந்துவிடும். ரசத்தை மட்டும் ருசித்தவர் ஊரே விருந்து என்பார். பொரியல் வீடுகள் அடுத்த தெருவில் ஒரு வீடு தள்ளி இருக்கின்றன. அவை அத்தனையும் பத்தியத்தில் விழும். சிவப்பு கூடுகிறது, நீலம் குறைகிறது, சாம்பல் துணி சிவக்கிறது. சாம்பார் வீடுகளோ எல்லாத் தெருவிலும் உண்டு, தெருவுக்குத் தெரு ஒரு வீடு தள்ளி. இரண்டு தெருவையும் சேர்த்துப் பார்த்தால் விருந்தும் பத்தியமும் அப்படியே தெரிந்துவிடும்.

நல்ல கணிப்புமுறை முதலில் சாம்பாரைக் கேட்கிறது. பச்சை நிறத்தில் நுண்விவரம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்து, சிவப்பும் நீலமும் அதனோடு சேர்ந்தே ஏறி இறங்கும் என்று கொண்டு நிரப்புகிறது. இதுவும் அனுமானம்தான், ஆனால் ஒற்றை நிறத் துணியில் பெரும்பாலும் பலிக்கும்.

கணக்கைப் பாருங்கள். நீளவாக்கில் 4288 பிக்சல் உள்ள 12 மெகாபிக்சல் கேமரா. முழு உருவத்துக்காகச் சட்டகத்தின் உயரம் 2 மீட்டர். ஒரு பிக்சலுக்கு 0.47 மி.மீ. பச்சை, 1 மி.மீ. கோலத்தை மயிரிழையில் பிடித்துவிடும். சிவப்புப் பிக்சல்களின் இடைவெளி 0.93 மி.மீ. கோலத்தின் இடைவெளி 1 மி.மீ. கொஞ்சமே மாறுபடும் இந்த இரண்டும் சேர்ந்து சுமார் 1.4 செ.மீ.க்கு ஒரு முறை நிற அலை எழுப்பும். வாசகி கண்ட வரிகள் இவைதாம். மோரே என்று பெயர். ஓர் எட்டு பின்னால் நின்று சட்டகம் 2.15 மீட்டரைத் தாண்டியிருந்தால் பச்சையும் ஏமாந்திருக்கும். பிறகு எந்த மென்பொருளாலும் அந்தப் புள்ளிகளை மீட்க முடியாது.

வரலாறு ஒரு பத்தி போதும். இந்த நிறக் கட்டத்துக்கு ஈஸ்ட்மன் கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்றார். திசை பார்த்து நிரப்பும் முறைகளில் ஹிராகவாவும் பார்க்ஸும் 2005இல் வெளியிட்டது பெரிதும் பரவியது. 2016இல் எம்.ஐ.டி. குழு ஒன்று, மோரே எழும் கடினமான படத்துண்டுகளையே தேடிப் பிடித்து நரம்பு வலையைப் பழக்கியது.

ஆக, வாசகியின் கோப்பில் செயற்கை நுண்ணறிவு கை வைத்திருக்கக்கூடும். அப்போதும் அது சென்சார் அளந்த எண்களிலிருந்துதான் தொடங்கியது. ஒரே தட்டில் பழைய படத்தை உயிர்ப்பிப்பதாக விளம்பரம் செய்யும் செயலிகளின் கதை வேறு. அவை முடிந்துபோன ஜேபெக் படத்தை எடுத்துக்கொண்டு, எங்கோ பார்த்த ஆயிரம் கிமோனோக்களின் சாயலை அதன் மேல் விரிக்கின்றன. ஊரில் யாரையும் கேட்காமல் ஓட்டல் பார்சலால் இலையை நிரப்புவது போல. சுறாத்தோல் கோலம் இருந்த இடத்தில் பார்வைக்கு அழகான வேறொரு கோலம் வந்து உட்கார்ந்துவிடும். கையால் வெட்டிய அச்சுத்தாளின் அடையாளத்தைத் தொலைத்துவிட்டு அதற்கு மறுசீரமைப்பு என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டில் யோகோஹாமாவில் குஸகாபே கிம்பேயின் நிலையம் விற்ற கிமோனோப் படங்களும் கையால் வண்ணம் தீட்டியவை. அவற்றின் நிறத்தைத் துணியின் சாயத்துக்குச் சாட்சியாக யாரும் கொள்வதில்லை.

ரா கோப்பாலும் முடியாதவை உண்டு. சரிகைக் கச்சையில் பட்டுத் தெறித்த ஒளி பிக்சலை நிரப்பி வழியச் செய்திருந்தால் அங்கே எண்ணே இல்லை. கைபேசியின் முன்கேமராவில் எடுத்து இடவலம் மாறிப் பதிவான படங்களையோ யார் வேண்டுமானாலும் நொடியில் திருப்பிவிடலாம், திருப்பியே ஆக வேண்டும்: கிமோனோவில் உடுத்தியவரின் இடப்பக்க மடிப்பு மேலே வரும், வலப்பக்கம் மேலே வருவது இறந்தவருக்கு உடுத்தும் முறை.

தானே எடுக்கும் படத்தில் இன்னொரு விசித்திரம். ஆளில்லாத இடத்தில் குவியம் வைத்துவிட்டு ஓடிப் போய் நிற்பதால் குவியம் சற்றே பிசகும். அந்தப் படங்களில் மோரே வராது, ஏனென்றால் புள்ளிகள் சென்சாரை அடையும் முன்பே கலங்கிவிடுகின்றன. பல கேமராக்களில் சென்சாருக்கு முன்னால் வைக்கும் மங்கல் வடிகட்டி வேண்டுமென்றே செய்வதும் இதைத்தான்.

இனி எடுப்பவர்கள் முழு உருவப் படத்தோடு கைப்பகுதியை மட்டும் நெருங்கி ஒன்று எடுத்துவிடுங்கள். சட்டகம் 20 செ.மீ. என்றால் அதே கேமராவில் ஒரு மில்லிமீட்டருக்கு 21 பிக்சல் கிடைக்கும். ஒவ்வொரு புள்ளியின் விளிம்பும் தனித்தனியே பதியும்.