நம் நீலம் ஊதா ஆகலாமா?

எங்கள் காலனியில் மாலைநேரப் படிப்பகம் நடத்துகிறோம். சென்ற ஆண்டு சேர்க்கைத் துண்டறிக்கையோடு பக்கத்துத் தெருவுக்குப் போனோம். வாங்கிப் பார்த்த அக்கா ஒருவர், "இது நீங்க நடத்துறதுதானா தம்பி, வேற யாருதுமா?" என்றார். படிப்பகத்தின் போர்டு நீலம். கையில் இருந்த துண்டறிக்கையோ ஊதா. ரசீதுப் புத்தகம் பச்சை. அச்சகத்தில் அன்று அந்த மைதான் இருந்தது. அக்காவின் சந்தேகம் நியாயமானது. பத்து ரூபாய் தருகிறவருக்கும் அது யார் கைக்குப் போகிறது என்று தெரியவேண்டும்.

நிறத்தை முடிவுசெய்யக் கூடினோம். "நீலமே வேண்டாம். நீலம் என்றாலே காலனி என்று ஊர்க்காரர்கள் ஒதுங்குவார்கள்" என்றார் ஒரு தோழர். கல்லூரி மாணவர் ஒருவரும் தயங்கினார். பள்ளிகளில் சாதிக்கொரு நிறமாகக் கையில் கயிறு கட்டும் கொடுமையை அவர் பார்த்திருக்கிறார். நாங்குநேரி வன்முறைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024-இல் அளித்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கயிற்றின் நிறம் பிறப்பைக் காட்டிப் பிரிக்கிறது. 1942-இல் அண்ணல் அம்பேத்கர் தொடங்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் கொடியில் ஏறிய நீலம், சமத்துவத்தை ஏற்கும் எவரும் ஏந்தக்கூடியது. எங்கள் படிப்பகத்தில் எந்தத் தெருப் பிள்ளையும் படிக்கலாம். நீலத்தை மறைத்துக்கொண்டு அதைச் சொல்வதைவிட, நீலத்தோடு சொல்வதே நேர்மை என்று முடிவெடுத்தோம்.

ஒரே நிறத்தை விடாமல் பயன்படுத்துவதன் பலனைச் செஞ்சிலுவையிடம் கற்கலாம். வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை என்று 1864 ஜெனிவா உடன்படிக்கை வகுத்தது. எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமில்லாத போர்க்களத்திலும் அந்த உதவி அடையாளம் தெரிந்தது. படிக்கத் தெரியாத நம் பாட்டிக்கும் அப்படித் தெரியவேண்டும்.

நீலம் ஊதாவானதற்கும் காரணம் உண்டு. கணினித் திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரம் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளைக் கலக்கிறது. சயானுக்குச் சமமாக மெஜந்தா ஏறினால் நீலம் ஊதாவாகிவிடும். ஆகவே நான்கு மைகளின் விகிதத்தையும் எண்ணாகக் குறித்து வையுங்கள். பிளக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப் படத்தோடு அந்த எண்ணையும் அனுப்புங்கள். முதலில் ஒரு துண்டு அச்சிட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சுவர் எழுதும் பெயின்டருக்கு, நிறம் பூசிய அட்டை ஒன்றைக் கொடுங்கள். அடர்நீலத்தில் வெள்ளை எழுத்து தொலைவிலிருந்தும் தெளிவாகத் தெரியும். கறுப்பு எழுத்து அமுங்கிப்போகும். வெயிலில் வெளுத்த போர்டை அப்படியே விடாமல் மாற்றுங்கள்.

இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. ஓர் அட்டையும் நான்கு எண்களும் போதும். இந்த ஆண்டு எங்கள் ரசீதுப் புத்தகமும் நீலம். அதே அக்கா வீட்டுக்கு அதை எடுத்துப் போனோம். யார் என்று கேட்கவில்லை. "பொண்ணு எட்டாவது போறா, கணக்கு சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டார்.