எஞ்சின் சூட்டில் ஒரு குளியல்

எல்கடுவ தேயிலை மலையில் கூடாரம் போட்டால், விடியற்காலைத் தண்ணீர் எலும்புவரை குளிரும். அதனால்தான் என் வான் வண்டியில் வெந்நீர்க் குழாய் பூட்டினேன்.

ஓடிவந்த எஞ்சினைச் சுற்றும் கூலன்ட் ஏறக்குறைய 90 பாகை சூட்டில் இருக்கும். உள்ளங்கை அகல உலோகத் தகட்டுப் பெட்டியில் அது ஒரு பக்கமும் வாளித் தண்ணீர் மறுபக்கமும் ஓடும். இரண்டும் கலக்காது, சூடு மட்டும் கைமாறும். 12 வோல்ட் மோட்டார் தண்ணீரைத் தள்ளும். 10 லீற்றர் போதும்: நனைந்து, நிறுத்தி, சோப்புப் போட்டு, கழுவலாம்.

முதலில் கையில் விட்டுப் பாருங்கள். மெதுவாக ஓடும் நீர் தோலைச் சுட்டுவிடும். புகைக்குழாய்ப் பக்கம் நிற்காதீர்கள், குளிக்கும் இடத்தைச் சுற்றி மூடாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

சோப்பு நீரை ஓடையில் விடாதீர்கள். கீழே லயத்துப் பிள்ளைகளுக்கும் அந்தத் தண்ணீர் வேண்டும்.