பத்துமலைக்கு வராதவர்கள்

தைப்பூசத்துக்கு மறுநாள் பத்திரிகையைப் பிரித்தால் முதல் பக்கத்தில் அலகு குத்திய முகம் ஒன்று இருக்கும். பக்கத்திலேயே, பத்துமலையில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பக்தர்கள் என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. ஆண்டுதோறும் அதே முகம், அதே எண்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். 2020 கணக்கெடுப்பில் மலேசியாவின் மக்கள்தொகை சுமார் 3.24 கோடி. இந்துக்கள் 6.1 விழுக்காடு, ஏறக்குறைய 20 லட்சம். அப்படியென்றால் நாட்டின் இந்துக்களில் இரண்டு பேருக்கு ஒருவர் பத்துமலையில் நின்றிருக்க வேண்டும். அன்றைக்குப் பினாங்கு தண்ணீர்மலையிலும் ஈப்போ கல்லுமலையிலும் நெரியும் கூட்டம் யாருடையது? பல நாள் கூட்டத்தை ஒன்றாகச் சேர்ப்பதால் வரும் எண் இது. முதல் நாள் பால்குடத்தோடு 272 படி ஏறியவர், மறுநாள் தம்பியின் காவடிக்குத் துணையாக வருவார். நேர்த்திக்கடன் செலுத்தும் சீனர், படம் பிடிக்க வந்த வெள்ளைக்காரர், தண்ணீர்ப் பந்தல் பையன்கள், எல்லாரும் ‘பக்தர்’தான்.

பூசம் முடிந்து இரண்டு மாதம் போனால் அதே பத்திரிகைகளில் வேறு பாட்டு: கோயில்கள் வெறிச்சோடுகின்றன, இளையோருக்குப் பக்தி இல்லை. இதுதான் எனக்கு வலிக்கிறது. தலை எண்ணிப் பக்தியை அளப்பது ஞாயிறு ஆராதனைக்கும் வெள்ளி ஜும்மாவுக்கும் ஓரளவு பொருந்தலாம். அதிலும் சிக்கல் உண்டு. வாரந்தோறும் தேவாலயம் போவதாக அமெரிக்கர்களில் 40 விழுக்காட்டினர் சொல்லிவந்தார்கள். 1993இல் வெளியான ஓர் ஆய்வுக்காக வந்தவர்களை எண்ணிப் பார்த்தபோது அதில் பாதிதான் தேறியது. நமக்கோ வாராவாரம் கோயிலுக்குப் போயாக வேண்டும் என்ற விதியே கிடையாது. பூஜை அறை வீட்டுக்குள் இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு பிரிக்பீல்ட்ஸ் பூக்கடை ஒன்றின் ஓரம் நின்று பாருங்கள். கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்க, பெண்கள் வேகமாக வருகிறார்கள். ‘ரெண்டு முழம் போடுங்க அக்கா, கொமுட்டர் போயிடும்.’ கடைக்கார அக்கா முழங்கையால் அளந்து, இன்னும் கொஞ்சம் சரத்தை விட்டு நறுக்கி, நெகிழிப் பையில் சுருட்டிக் கொடுக்கிறார். அந்த மல்லிகை ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலுக்குப் போவதில்லை. ரயிலேறிக் கிள்ளானுக்குப் போகிறது, பிளாட் வீட்டு வரவேற்பறைச் சுவரில் மாட்டிய சாமி அலமாரிக்கு. வெள்ளி இங்கே வேலை நாள். வீடு சேர எட்டாகும்.

லயத்து வீட்டிலிருந்து நாலு எட்டு வைத்தால் மாரியம்மன் கோயில் என்று இருந்த தோட்டங்கள் தாமான் குடியிருப்புகளாகிவிட்டன. ஜனங்கள் ஒரு பக்கம், கோயில் ஒரு பக்கம். கார் இல்லாத பாட்டி எப்படிப் போவார்? ஆனால் புரட்டாசிச் சனிக்கிழமையில் கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குப் போனால் காரை நிறுத்த இடம் கிடைக்காது. சனி விடுமுறையாயிற்றே!

அடுத்த பூசத்தில் அந்தப் பத்து லட்சத்துக்குக் கீழே, யார் எண்ணினார்கள், எத்தனை நாள் எண்ணினார்கள் என்று ஒரு வரி போடுங்கள். நிருபர் நண்பர்களிடம் நான் கேட்பது அவ்வளவுதான்.

2021இல் கொரோனா கட்டுப்பாட்டால் வெள்ளி ரதம் மட்டும் பத்துமலைக்குப் போனது. பக்தர்களுக்கு அனுமதி இல்லை. எனக்குத் தெரிந்த கிள்ளான் அக்கா ஒருவர் அந்த ஆண்டும் 48 நாள் விரதத்தை விடவில்லை. பூசத்தன்று விடியுமுன் எழுந்து, தாம்பாளத்தில் சின்ன வேல் ஒன்றை வைத்துப் பால் ஊற்றினார். பிறகு அந்தப் பாலைக் குவளைகளில் எடுத்துக்கொண்டு போய், அதே மாடியில் இருந்த நாலு வீட்டு வாசலிலும் வைத்துவிட்டு வந்தார்.